விம் எடிட்டருக்கு எந்தப் பிளக்கின்?



விம் என்றதும் பாத்திரம் துலக்கும் சோப்பு ஞாபகம் வந்தால் அது உங்கள் தப்பில்லை. எங்கள் வீட்டிலும் முதலில் அதைத்தான் நினைத்தார்கள். இங்கே நான் சொல்லப்போவது வேறு விம். கணிப்பொறியின் கருப்புத் திரையில், மவுசைத் தொடாமல், விசைப்பலகையை மட்டுமே வைத்து நிரல் எழுத உதவும் டெக்ஸ்ட் எடிட்டர். பிழை தேடுவதற்கு ஒன்று, பாதி தட்டிய சொல்லை மீதி நிரப்பித் தர ஒன்று என்று இதற்கு ஏகப்பட்ட பிளக்கின்கள் கிடைக்கின்றன. (செருகுநிரல் என்று நல்ல தமிழில் சொல்வார்கள். நாம் பேசும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் பிளக்கின் என்றே எழுதுகிறேன்.) அவற்றில் எது நமக்கு ஆகும், எது ஆகாது என்பதுதான் விஷயம்.

'நமக்கு' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். இணையத்தில் இதைப் பற்றிச் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் 16 ஜிபி, 32 ஜிபி ராம் உள்ள மெஷினை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். என்னிடம் இருப்பது இரண்டாம் கைக்கு வாங்கிய 4 ஜிபி லேப்டாப். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் என் தோழிக்கு அதுவும் கிடையாது, செல்போன்தான் அவளுக்குக் கம்ப்யூட்டர். நெட்டோ, அன்றைய டேட்டா தீர்ந்தால் மறுநாள்தான். ஆய்வகத்தில் உட்கார்ந்தால் அட்மின் பாஸ்வேர்டு நம்மிடம் இருக்காது. செய்முறைத் தேர்வு அன்று வெறும் எடிட்டர்தான் எதிரே இருக்கும். இந்த நான்கையும் கணக்கில் எடுக்காமல் யாராவது 'இதுதான் பெஸ்ட்' என்று சொன்னால், அது அவருக்கு பெஸ்ட், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

விம் வந்த கதை

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பில் ஜாய் என்பவர் 1976-ல் 'வீஐ' என்ற எடிட்டரை எழுதினார். அப்போது கணிப்பொறியுடன் பேசும் இணைப்பு ஆமை வேகம். ஒரு எழுத்து தட்டினால் அது திரையில் வருவதற்குள் பொறுமை போய்விடும். அதனால்தான் வீஐ-யில் எல்லாக் கட்டளையும் ஓரெழுத்து, ஈரெழுத்தில் முடிகிறது. எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்தில் கர்சரை நகர்த்துகிறோமே, அது ஏன் தெரியுமா? அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

பிற்பாடு நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த பிராம் மூலனார் அதே பாணியில், இன்னும் வசதியாக ஒன்றைச் செய்து 1991-ல் வெளியிட்டார். அதுதான் விம். காசு கிடையாது. பிடித்திருந்தால் உகாண்டா நாட்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவி செய்யுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வெறுமனே விம் என்று திறந்து பாருங்கள், அந்த வேண்டுகோள் இன்றும் திரையில் வரும். 2023 ஆகஸ்ட் 3-ம் தேதி அவர் காலமானார். அதன் பிறகும் தன்னார்வலர்கள் சேர்ந்து விம்மை நடத்தி வருகிறார்கள். 2014-ல் விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த கிளை நியோவிம். இன்று புதிதாக வரும் பிளக்கின்களில் பல நியோவிம்முக்கு மட்டுமே என்று எழுதப்படுகின்றன. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் போய்விடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. உபுண்டு போட்டவுடன் வீஐ என்று தட்டினால் ஒரு எடிட்டர் திறக்கும். அது முழு விம் அல்ல, 'விம் டைனி' என்ற குட்டி. பிளக்கின் எதுவும் அதில் வேலை செய்யாது. 'விம் மைனஸ் மைனஸ் வெர்ஷன்' என்று கேட்டால் ஒரு நீளப் பட்டியல் வரும். அதில் டெர்மினல், பைத்தான்3 என்ற சொற்களுக்கு முன்னால் பிளஸ் குறி இருக்கிறதா, மைனஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மைனஸ் என்றால் 'விம்-நாக்ஸ்' என்ற பொதியை நிறுவினால் இரண்டும் பிளஸ் ஆகிவிடும். எந்தப் பிளக்கினைப் பற்றி யார் என்ன சொன்னாலும், முதலில் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

முதலில் பிழை தேடும் கருவி

நம்மில் பலர் எடிட்டரைக் கையில் எடுத்ததும் தேடுவது சொல் நிரப்பும் பிளக்கின். 'பிரின்' என்று தட்டினால் 'பிரின்ட்எஃப்' என்று தானே வர வேண்டும், பார்க்க அழகாக இருக்க வேண்டும். ஆசை நியாயம்தான். ஆனால் டிப்ளமோ படிக்கிற நமக்கு முதலில் வேண்டியது அது அல்ல, டீபக்கர்தான் என்பது என் கருத்து. காரணத்தை ஒரு உதாரணத்தால் சொல்கிறேன்.

ஆய்வகத்தில் வேண்டுமென்றே பிழை வைத்துத் தரும் பயிற்சி நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையில் ஐந்து பொட்டலங்களின் எடையைக் கிராமில் வாங்கி, மொத்தம் சொல்ல வேண்டும். சி மொழியில் ஐந்து இடமுள்ள அர்ரே. அதன் இடங்கள் பூஜ்யத்திலிருந்து 4 வரை. ஆனால் மொத்தம் கூட்டும் லூப், 5-ஐயும் சேர்த்து ஓடுகிறது. அதாவது 'சிறியது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சிறியது அல்லது சமம்' என்று இருக்கிறது. கம்பைலர் வாய் திறக்காமல் விட்டுவிடலாம். விடை ஒரு தடவை சரியாகக்கூட வரும், இன்னொரு தடவை எங்கிருந்தோ ஒரு பெரிய எண்ணைக் கொண்டுவந்து கூட்டிவிடும். ஏனென்றால் ஆறாவது இடத்தில் நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அது வருகிறது.

இப்போது சொல் நிரப்பும் பிளக்கின் இங்கே என்ன செய்யும்? அர்ரேயின் பெயரை அழகாக நிரப்பித் தரும். பிழை அப்படியே இருக்கும். இன்னும் சொல்லப்போனால் பிழையை வேகமாக எழுத உதவியிருக்கும்!

டீபக்கர் வேறு மாதிரி. நிரலை நாம் சொன்ன வரியில் நிறுத்திக் காட்டும். எங்கள் அப்பா சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவர், பேண்டேஜ் துணி. தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் அவ்வளவும் கழிவு. ஒருநாள் ராத்திரி என் திரையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நின்னுபோச்சா?" என்றார். "இல்லப்பா, நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்" என்றேன். "அப்ப எந்த நூல் அறுந்திருக்குன்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். பிரேக்பாயின்ட் என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சி நிரலுக்கு டீபக்கர் என்றால் ஜிடிபி. 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கியது, இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இதை விம்முக்குள்ளேயே ஓட்டுவதற்கு 'டெர்ம்டீபக்' என்று ஒன்று உண்டு. 2018-ல் வந்த விம் 8.1 முதல் விம்மோடு சேர்ந்தே வருகிறது. டவுன்லோடு இல்லை, அட்மின் அனுமதி இல்லை, நெட் இல்லை. நம் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. நியோவிம்மிலும் இது உடன் வருகிறது.

செய்முறை இதுதான். நிரலைக் கம்பைல் செய்யும்போது 'மைனஸ் ஜி' சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த வரியில் நிற்கிறோம், மாறியின் பெயர் என்ன என்பது டீபக்கருக்கே தெரியாது. பிறகு விம்மில் கோலன் போட்டு 'பேக்ஆட் டெர்ம்டீபக்' என்றும், அடுத்து 'டெர்ம்டீபக்' என்று எழுதி நம் நிரலின் பெயரையும் கொடுக்க வேண்டும். திரை மூன்றாகப் பிரியும். ஒன்றில் ஜிடிபி, ஒன்றில் நம் நிரல் ஓடும் இடம், ஒன்றில் மூலநிரல். ஸ்கேன்எஃப் கேட்கும் எண்களை நிரல் ஓடும் ஜன்னலில்தான் கொடுக்க வேண்டும். ஜிடிபி ஜன்னலில் கொடுத்துவிட்டு 'ஒண்ணுமே நடக்கல' என்று முழிக்கிற ஆட்களை ஒவ்வொரு வாரமும் ஆய்வகத்தில் பார்க்கலாம். கன்ட்ரோல்-டபிள்யூ இரண்டு முறை அழுத்தினால் ஜன்னல் மாறும்.

கூட்டல் நடக்கும் வரியில் கர்சரை வைத்து 'பிரேக்' கட்டளை. பிறகு 'ரன்'. நிரல் அந்த வரியில் வந்து நிற்கும். 'ஓவர்' என்றால் ஒரு வரி நகரும். மாறியின் மேல் கர்சரை வைத்துப் பெரிய எழுத்து கே அழுத்தினால் அதன் மதிப்பு காட்டும். பால்கோவா நிரலில் ஐந்து சுற்று முடிந்ததும் கடை மூட வேண்டும். ஆனால் 'ஐ'யின் மதிப்பு 5 என்று காட்டிக்கொண்டு நிரல் இன்னும் லூப்புக்குள்ளேயே நிற்கும். பிழை கையும் களவுமாக மாட்டிவிட்டது! ஐந்து சுற்று நடக்கச் சோம்பலாக இருந்தால், ஜிடிபி ஜன்னலில் பிரேக் கட்டளையோடு வரி எண்ணையும் 'ஐ 5-க்குச் சமமானால்' என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கொடுக்கலாம். நேரே அங்கே போய் நிற்கும். 'வாட்ச்' என்ற கட்டளை இன்னும் சுவாரஸ்யம். மொத்தம் என்ற மாறியைக் கண்காணி என்று சொல்லிவிட்டால், அதன் மதிப்பு எப்போது மாறினாலும் நிரல் நிற்கும்.

லிங்க்டு லிஸ்ட் படிக்கும்போது டீபக்கரின் அருமை இன்னும் தெரியும். 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற இரண்டே சொல்லோடு நிரல் செத்துவிடும்போது, 'பேக்ட்ரேஸ்' என்று கேட்டால் எந்த ஃபங்ஷனை எது அழைத்து, எந்த வரியில் செத்தது என்று வரிசையாகச் சொல்லும்.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பால்கோவா நிரலின் பிழையைப் பிளக்கினே இல்லாமலும் பிடிக்கலாம். ஜிசிசி-யிடம் 'மைனஸ் வால்' கொடுத்து எச்சரிக்கைகளைக் கேளுங்கள். 'மைனஸ் எஃப்சானிடைஸ் சமம் அட்ரஸ்' என்று சேர்த்துக் கம்பைல் செய்து ஓட்டினால், அர்ரேயின் எல்லை தாண்டிய இடத்தை வரி எண்ணோடு சொல்லி நிரலை நிறுத்திவிடும். டீபக்கரைத் திறப்பதற்கு முன் இந்த இரண்டையும் செய்துவிடுவது என் வழக்கம்.

பைத்தானுக்கு டெர்ம்டீபக் ஆகாது. அங்கே 2018-ல் வந்த பைத்தான் 3.7 முதல் 'பிரேக்பாயின்ட்' என்ற ஃபங்ஷன் மொழிக்குள்ளேயே இருக்கிறது. நிறுத்த வேண்டிய இடத்தில் அதை ஒரு வரியாக எழுதி, பிறை அடைப்பைத் திறந்து மூடினால் போதும், 'பிடிபி' என்ற டீபக்கர் திறந்துகொள்ளும். நம் பாடத்திட்ட அளவுக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

அப்படியானால் பெரிய டீபக் பிளக்கின்கள் எதற்கு? பல மொழிகளுக்கு ஒரே மாதிரி விசைகள், மாறிகளின் பட்டியல், அழைப்பு வரிசை எல்லாம் பக்கத்தில் பலகை போலத் தெரிய வேண்டும் என்றால் அவை வேண்டும். விம்முக்கு 'விம்ஸ்பெக்டர்', நியோவிம்முக்கு 'என்விம்-டாப்'. இரண்டும் டிஏபி என்ற பொது மொழியில் பேசுகின்றன. மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடு எடிட்டரிலிருந்து வந்த ஏற்பாடு அது. அதனால் விஎஸ் கோடு பயன்படுத்தும் அதே டீபக் கருவிகளை இவையும் பயன்படுத்தலாம். விம்ஸ்பெக்டருக்கு பைத்தான்3 பிளஸ் உள்ள விம் வேண்டும், ஒவ்வொரு புராஜெக்டுக்கும் ஒரு அமைப்புக் கோப்பும் எழுத வேண்டும். என்விம்-டாப்புக்கு லுவா மொழியில் சில வரிகள் எழுத வேண்டும். இரண்டுக்குமே ஒவ்வொரு மொழிக்கும் ஒரு இடைக்கருவி தனியாக இறக்க வேண்டியிருக்கும். சி மொழிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 2023 டிசம்பரில் வந்த ஜிடிபி 14 முதல் ஜிடிபி-யே நேரடியாக டிஏபி பேசும். உபுண்டு 24.04-ல் அதற்கும் பிந்தைய ஜிடிபி கிடைக்கிறது, 22.04-ல் இருப்பது பழையது. இறுதியாண்டு புராஜெக்ட்டில் பத்துப் பதினைந்து கோப்புகள் சேரும்போது இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் தேவையில்லை என்பேன்.

பரிமாறுகிறவரும் சமையற்கட்டும்

இனி சொல் நிரப்பலுக்கு வருவோம்.

முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பத்து எடிட்டர், பத்து மொழி என்றால் நூறு வேலை. 2016-ல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி மூன்றும் சேர்ந்து எல்எஸ்பி என்ற ஒரு பொது ஒப்பந்தத்தை அறிவித்தன. மொழியைப் புரிந்துகொள்ளும் வேலையை 'சர்வர்' என்ற தனி நிரல் செய்யும். எடிட்டர் அதனிடம் கேட்டு வாங்கிக் காட்டும். நூறு வேலை இருபதாகக் குறைந்துவிட்டது. சர்வர் என்றதும் எங்கோ தூரத்தில் இருப்பது என்று நினைக்க வேண்டாம், அது நம் லேப்டாப்பிலேயே ஓடும்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது ஒரு ஓட்டலில் உட்கார்ந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் எதிரே வந்து 'என்ன சாப்பிடுறீங்க' என்று கேட்பவர் பரிமாறுகிறவர். சமைப்பது உள்ளே. பிளக்கின் என்பது பரிமாறுகிறவர், சர்வர் என்பது சமையற்கட்டு. இணையத்தில் நடக்கும் சண்டையெல்லாம் எந்தப் பரிமாறுகிறவர் சட்டை நன்றாக இருக்கிறது என்பதில். ருசியும், செலவாகும் விறகும் சமையற்கட்டைப் பொறுத்தது. 4 ஜிபி மெஷின் திணறினால் பெரும்பாலும் அதற்குக் காரணம் பிளக்கின் அல்ல, பின்னால் ஓடும் சர்வர். எனவே ஒரு பிளக்கினைத் தேர்ந்தெடுக்கும்போது 'இது எப்படி இருக்கும்' என்று கேட்பதைவிட 'இதற்குப் பின்னால் என்ன ஓடும்' என்று கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால், விம் எதுவும் போடாமலேயே சொல் நிரப்பும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எழுதிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோல்-என் அழுத்துங்கள். திறந்திருக்கும் கோப்புகளில் உள்ள சொற்களைத் தேடிப் பட்டியல் தரும். சி கோப்பில் நாம் இன்க்ளூட் செய்த ஸ்டிடியோ போன்ற கோப்புகளுக்குள்ளும் விம் போய்த் தேடும். 'பிரின்ட்எஃப்' அங்கிருந்தே வந்துவிடும்! கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி கன்ட்ரோல்-எஃப் அழுத்தினால் கோப்புப் பெயர் நிரப்பும். எக்ஸுக்குப் பிறகு எல் என்றால் முழு வரியையே நிரப்பும். தேர்வறையிலும் இது இருக்கும். யாரும் தடுக்க முடியாது.

அதற்கு மேல் வேண்டுமென்றால் சி மொழிக்கு 'கிளாங்டி' என்ற சர்வர். தனிக் கோப்பாக எழுதும் நிரலுக்கு எந்த அமைப்பும் தேவையில்லை, உடனே வேலை செய்யும். தட்டும்போதே செமிகோலன் விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டும். பல கோப்புகள் உள்ள புராஜெக்ட் என்றால் மட்டும் எப்படிக் கம்பைல் செய்கிறோம் என்று அதற்கு ஒரு கோப்பில் எழுதிக் காட்ட வேண்டும். 'ஹெடர் கிடைக்கவில்லை' என்று சிவப்பாகக் கத்தினால் காரணம் பெரும்பாலும் அதுதான், பிளக்கினைத் திட்டிப் பயனில்லை.

பைத்தானுக்கு எல்லோரும் 'பைரைட்' என்பார்கள். நல்ல சர்வர்தான். ஆனால் அதற்கு நோட் ஜேஎஸ் வேண்டும். பைத்தான் எழுதுவதற்கு ஜாவாஸ்கிரிப்ட் சமாச்சாரம் ஒன்றை டேட்டா செலவழித்து இறக்க வேண்டுமா என்பது என் கேள்வி. 'ஜெடை-விம்' என்ற பிளக்கின் பைத்தானை வைத்தே வேலை செய்கிறது, தனி சர்வரும் கிடையாது. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஜாவாவுக்கு எக்லிப்ஸ் குழுவின் சர்வர் உண்டு. ஜாவா மெய்நிகர் இயந்திரத்தையே ஒரு தனி நிரலாக ஓட்டும். 4 ஜிபி-யில் பிரவுசரையும் திறந்து வைத்துக்கொண்டு அதை ஓட்டினால் லேப்டாப்பில் தோசை சுடலாம். ஜாவாவுக்குக் கன்ட்ரோல்-என் போதும், கம்பைலரே பிழைகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

சரி, பரிமாறுகிறவர்கள் யார் யார்? விம்மில் 'விம்-எல்எஸ்பி' இலேசானது, விம்மின் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டது. 'ஏஎல்ஈ' முதன்மையாகப் பிழை சுட்டிக்காட்டத்தான் வந்தது, சொல்லும் நிரப்பும். 'கோக்' என்பது வசதியில் ராஜா. போட்டவுடன் விஎஸ் கோடு மாதிரியே ஆகிவிடும், ஆனால் அதற்கும் நோட் ஜேஎஸ் வேண்டும், மொழிக்கு மொழி துணைப் பொதிகளும் இறக்க வேண்டும். 'யூகம்ப்ளீட்மீ' 2013 முதல் இருக்கும் மூத்தவர், திறமைசாலி. ஆனால் நம் மெஷினிலேயே உட்கார்ந்து கம்பைல் செய்துகொள்ளச் சொல்வார், அதற்கு சிமேக் முதலான கருவிகள் எல்லாம் வேண்டும். ஆய்வகத்தில் இது நடக்கிற காரியம் இல்லை.

நியோவிம் பக்கம் நிலைமை வேறு. 2021-ல் வந்த 0.5 பதிப்பு முதல் எல்எஸ்பி அதற்குள்ளேயே இருக்கிறது. 'என்விம்-சிஎம்பி', 'பிளிங்க்' இரண்டும் அதன் மேல் பட்டியலை அழகாகக் காட்டும் பிளக்கின்கள். 2025 மார்ச்சில் வந்த 0.11-ல் பட்டியலே உள்ளுக்குள் வந்துவிட்டது, நாலைந்து வரி எழுதினால் பிளக்கினே வேண்டாம். ஆனால் உபுண்டு 22.04 தருவது நியோவிம் 0.6, 24.04 தருவது 0.9. காணொளியில் ஒருவர் காட்டுவதை அப்படியே எழுதினால் நமக்குப் பிழைச்செய்தி வருவதற்கு இதுதான் காரணம். எழுதியவர் மேலும் தப்பில்லை, நம் மேலும் தப்பில்லை.

2021-ல் வந்த கிட்ஹப் கோபைலட் போன்ற ஏஐ நிரப்பிகளைப் பற்றிக் கேட்பீர்கள். அதற்கும் விம் பிளக்கின் உண்டு. பாதி நிரலையே எழுதித் தந்துவிடும். நம் வீடுகளில் 'இது ஏன் இப்படி எழுதியிருக்கு' என்று கேட்டால் சொல்லித்தர அண்ணன் அக்கா யாரும் இல்லை. குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவர்கள் நாம். அது தந்த வரி சரியா, தப்பா என்று சரிபார்க்க நமக்கு இருக்கும் ஒரே ஆள் அந்த டீபக்கர்தான். அதைப் பழகிய பிறகு ஏஐ-யைத் தொடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நெட் இல்லாவிட்டால் அது ஊமை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பென் டிரைவும் செல்போனும்

பிளக்கின் போட அட்மின் அனுமதி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. விம் 8 முதல் நம் ஹோம் டைரக்டரியில் புள்ளி-விம் என்ற அடைவுக்குள் 'பேக்', அதற்குள் ஏதாவது ஒரு பெயர், அதற்குள் 'ஸ்டார்ட்' என்று அடைவுகள் உண்டாக்கி, பிளக்கின் அடைவை அங்கே காப்பி செய்தால் முடிந்தது. 'ஸ்டார்ட்' என்பதற்குப் பதில் 'ஆப்ட்' என்ற அடைவில் வைத்தால், பேக்ஆட் என்று கேட்கும்போது மட்டும் வரும். கனமான பிளக்கின்களை நான் ஆப்டில்தான் வைக்கிறேன். ஒரு பிளக்கினால் ஏதாவது கோளாறு என்று சந்தேகம் வந்தால் 'விம் மைனஸ் மைனஸ் கிளீன்' என்று திறந்து பாருங்கள், எந்தப் பிளக்கினும் இல்லாமல் திறக்கும். அப்போது சரியாக இருந்தால் குற்றவாளி அந்த அடைவுக்குள்தான் இருக்கிறான். அதை வெளியே எடுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது.

செல்போன்காரர்களுக்கு 'டெர்மக்ஸ்' என்ற ஆப் உண்டு. எஃப்-டிராய்டிலிருந்து நிறுவிக்கொள்ளலாம். விம், கிளாங், ஜிடிபி, பைத்தான் எல்லாம் அதில் கிடைக்கின்றன. கன்ட்ரோல் விசைக்கு வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். சின்னத் திரையில் மூன்று ஜன்னல் சரிப்படாது, அதனால் தோழி ஜிடிபி-யைத் தனியாக ஓட்டுகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து சேருவதற்குள் ஒரு லிங்க்டு லிஸ்ட் நிரலை முடித்துவிட்டு இறங்குவாள். போனின் தட்டச்சுப் பலகையில் விம் அடிப்பது கஷ்டம்தான். ஒயர் உள்ள சாதாரண யுஎஸ்பி விசைப்பலகையை ஓடிஜி இணைப்பில் மாட்டினால் அந்தக் கஷ்டமும் போய்விடும்.

தமிழில் கமென்ட் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல டெர்மினல்களில் கொம்பும் காலும் இடம் மாறி, கர்சர் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும். பிளக்கின் எதுவும் இதைச் சரிசெய்யாது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் படிக்க விரும்பினால் 2012 முதல் வரும் 'கணியம்' மின்னிதழ் இருக்கிறது.

என் பென் டிரைவில் இப்போது இருப்பவை: ஜெடை-விம், விம்-எல்எஸ்பி, பத்து வரியில் ஒரு விம்ஆர்சி கோப்பு, பிழை வைத்த பால்கோவா நிரல். டெர்ம்டீபக் விம்மிலேயே இருப்பதால் அதைச் சுமக்க வேண்டியதில்லை. இரண்டாமாண்டு கணிப்பொறிப் பிரிவில் கேட்டால் யாரும் காப்பி செய்துகொள்ளலாம். முதலில் உங்கள் மெஷினில் அந்த வெர்ஷன் பட்டியலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.